விறகு டிப்போ நாய்க்குப் பூசணிக்காய் வைத்தியம்

போன மாதம் செங்கல்பட்டில், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்கள் சிலர் கூடினோம். கூடினோம் என்றால் வடை, காபி, யாருக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்ற விசாரணை, அவ்வளவுதான். இன்னும் பணியில் இருக்கும் இளம் டாக்டரம்மா ஒருவர் பளபளவென்று ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூட்டுவலி வந்த நாய்களுக்கென்றே செய்த தீவனமாம். மீன் எண்ணெய் உள்ளேயே கலந்திருக்கிறதாம், தின்றால் எடை ஏறாதாம். நாயை எப்படி நடக்கவைக்க வேண்டும் என்று பாக்கெட்டின் பின்பக்கம் படம் வேறு போட்டிருந்தது. "இதெல்லாம் இல்லாத காலத்துல நாய்க்கு மூட்டுவலின்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"லாரி டிரைவருங்களோட சண்டை போடுவோம்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதாகிவிட்டால் இது ஒரு தொல்லை. ஜோக் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள், உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்லூரியில் எனக்கு மாடு சொல்லிக்கொடுத்தார்கள், எருமை சொல்லிக்கொடுத்தார்கள், குதிரையை விரிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குதிரைக்கு வரும் நோய்களை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு குதிரையும் என்னிடம் வரவில்லை. நாய் என்பது கடைசிப் பருவத்தில், வெறிநோய்க்கும் குடற்புழுவுக்கும் நடுவில் வேகமாக ஓடிப்போன பாடம். எழுபதுகளின் நடுவில் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு சின்ன மருந்தகத்தில் என்னைப் போட்டார்கள். ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, மாட்டைக் கட்ட நாலு கம்பம். கோமாரி ஊசி, கோழிக்கழிச்சல் ஊசி, சினை ஊசி என்று பொழுது போய்க்கொண்டிருந்தது.

எனக்கு மேலதிகாரி முனிரத்தினம் சார். செங்கல்பட்டிலிருந்து வாரத்துக்கொரு முறை பஸ்ஸில் வருவார். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். வந்ததும் மருந்தகத்துக்குள் நுழைய மாட்டார். வாசலில் இருந்த புங்கமரத்தடியில் நின்று, மாடுகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு மேசையருகே வந்து சேர்வதற்குள் அதன் நோய் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். "வர்ற மாட்டைப் பார்க்காதவன், வந்து நிக்கிற மாட்டைப் பார்த்து என்னய்யா கண்டுபிடிக்கப் போறான்?" என்பார்.

அவருடைய முறை மாறவே மாறாது. பிராணியை முதலில் நம்மை விட்டு விலகி நடக்க விட வேண்டும். பிறகு நம்மை நோக்கி. பிறகு இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று. அதற்கப்புறம்தான் கை வைக்கலாம். அதுவும் நல்ல காலை முதலில் தொட வேண்டும், வலிக்கிற காலைக் கடைசியில். என்ன தீனி போடுகிறாய் என்று சொந்தக்காரனிடம் கேட்கவே கூடாது, பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். "சொந்தக்காரன் பொய் சொல்ல மாட்டான்யா. அவனுக்குத் தெரிஞ்சதைச் சொல்வான். அவனுக்குத் தெரிஞ்சது கொஞ்சம்" என்பார்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு நாய் என்றால் பயம். பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "அது பல்லுள்ள பிராணி" என்பார், ஏதோ மாடுகளெல்லாம் பொக்கை வாயோடு திரிகிற மாதிரி. நாய் வந்தால் குடையை விரித்துத் தனக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து எனக்கு உத்தரவு போடுவார்.

அப்படி ஒருநாள் வந்த நாய்தான் லோடு. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் சவுக்கு விறகு டிப்போ வைத்திருந்த காதர் பாயுடைய நாய். குட்டியாக இருந்தபோது எங்கோ தோப்பில் ஏற்றிய விறகு லோடோடு வந்து இறங்கியதால் அந்தப் பெயர். ராஜபாளையத்து ரத்தம் கொஞ்சம் கலந்த நாட்டு நாய், உயரமானது. என்னிடம் வந்தபோது அகலமும் உயரத்துக்குச் சமமாக ஆகியிருந்தது. அதை நடத்திக்கொண்டு வர முடியாமல் கைவண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். கன்னியப்பன் என்கிற லாரி டிரைவர் வண்டியைத் தள்ள, காதர் பாய் இரண்டு முழம் தள்ளி நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, அறுபதை நெருங்கும் வயது.

"டாக்டர், காலைல எழுந்திரிக்க சொல்ல கத்துது. மனுசன் கத்தற மாதிரியே கீது. என்னால கேக்க முடில. சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்கோ. இல்லாங்காட்டி ஒரு ஊசியப் போட்டு அனுப்சிடுங்கோ" என்றார். கடைசி வாக்கியத்தை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நடக்க விட்டோம். விலகி நான்கு அடி நடந்து உட்கார்ந்துகொண்டது. எங்களை நோக்கி வரவே மறுத்தது. குடைக்குப் பின்னாலிருந்து உத்தரவு வர, நான் பின்னங்காலை மெதுவாக நீட்டி மடக்கினேன். ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த மாதிரி மூட்டுக்குள் நறநறத்தது. இடுப்பு மூட்டு இரண்டும், பின்னங்கால் முழங்கால் ஒன்றும் தேய்ந்திருந்தன. லோடு என் கையை நக்கியதே தவிர, கடிக்க நினைக்கவில்லை.

சார் தீர்ப்புச் சொன்னார். தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது. ஆனால் மூட்டு சுமக்கிற பாரத்தைக் குறைக்கலாம். இளைத்தால் நடக்கும், நடந்தால் சதை வைக்கும், சதை வைத்தால் மூட்டுக்கு வேலை குறையும். "மழை ஆரம்பிச்சா ஈரத்துல இறுகிடும். ஐப்பசிக்குள்ள இது தானா எழுந்து நடக்கணும். இல்லைன்னா நானே வந்து ஊசி போடறேன். தினம் கத்தவிட்டு வேடிக்கை பார்க்கிறது வைத்தியம் இல்லை." பாய் தலையாட்டினார். லோடு தன் ஆயுளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல் கைவண்டியில் குறட்டை விட்டது.

மறுநாள் டிப்போவுக்குப் போனேன். விறகு நிறுக்கிற பெரிய தராசில் ஒரு தட்டில் லோடை உட்காரவைத்து, மறுதட்டில் சவுக்குக் கட்டைகளை அடுக்கினோம். மூன்று பெருங்கட்டையும் ஒரு சுள்ளியும் வைத்த பிறகுதான் தட்டு சமமானது. அந்தக் கட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். சிமெண்டுத் தரையில் படுக்க விடாமல் மரத்தூள் கொட்டி, மேலே கோணி விரித்துப் படுக்கை போட்டோம். லாரியிலிருந்து குதிக்க விடக் கூடாது, தார் ரோட்டில் நடத்தக் கூடாது, மணலில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி நடத்த வேண்டும் என்றேன். சாப்பாடு பாதியாக வேண்டும்: கொஞ்சம் சோறு, வேகவைத்த மீன், காய். சுறா எண்ணெய் தினம் ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் கூடவே கூடாது. வலி அதிகமான நாளில் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பிரின், அதுவும் நான் சொல்கிற அளவில்.

காதர் பாய் மாதிரி சொன்னதைச் செய்கிற மனிதரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. தானே சோற்றை அளந்து போட்டார். சில வாரம் கழித்து எடை போட்டோம். மூன்று கட்டை, ஒரு சுள்ளி, அதன் மேல் இன்னொரு சுள்ளி.

"பட்டினி போட்டா குண்டாவுற நாய இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கன்னியப்பன்.

எனக்கு சார் சொன்னது ஞாபகம் வந்தது. சொந்தக்காரரைக் கேட்டுப் பயனில்லை. விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், டிப்போ எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சென்னைக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரி டிரைவர் கடையில் பொறை என்கிற காய்ந்த ரொட்டி ஒன்று வாங்கினார், டீயில் நனைத்தார், கேட்டருகே படுத்திருந்த லோடின் வாயில் வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வண்டியில் ஏறினார். இரண்டாவது டிரைவரும் அப்படியே. மூன்றாமவர் பொறையோடு வெண்ணெய் பிஸ்கட்டும் சேர்த்துப் போட்டார், அவருக்கு அன்றைக்கு நீளப் பயணமாம். லோடு தலையை மட்டும் தூக்கி, கோயில் சிலை நைவேத்தியம் வாங்குகிற தோரணையில் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டது. பாய் அந்த நேரத்தில் பள்ளிவாசலில் தொழுகையில் இருப்பார். அவருக்கு எப்படித் தெரியும்?

கன்னியப்பனைப் பிடித்து உலுக்கினேன். அவர்தான் இதற்கு மூலகர்த்தா. முன்பொரு நாள் லோடு அவர் வண்டிச் சக்கரத்தின் முன்னால் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. பொறை போட்டு எழுப்புவதற்குள், ஸ்டியரிங் ராடு விட்டுப்போயிருப்பதை கிளீனர் பார்த்துவிட்டான். கிளம்பியிருந்தால் அவ்வளவுதான். பைரவர் வாகனம் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் பேச்சு. அதிலிருந்து லோடுக்குப் பொறை போடாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டுவதில்லை.

அன்றோடு பொறை நிறுத்தப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பாயும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் போன முதல் வண்டி கேளம்பாக்கம் தாண்டி அச்சு முறிந்து நின்றது.

கன்னியப்பன் மருந்தகத்துக்கே வந்துவிட்டார். "யாரு பேச்ச கேட்டு பொறை போடாம வண்டி எட்த்தோம்? உங்க பேச்ச. இப்ப வண்டி ரோட்ல குந்திகினு கீது. நீங்க மாட்டு டாக்டரு, லாரிய பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?" அதிக பாரம் ஏற்றினால் அச்சு முறியாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். அதே பாரத்தைத்தான் பொறை போட்ட நாளிலும் ஏற்றினோம் என்றார். தர்க்கத்தில் எனக்குத் தோல்வி. டிரைவர்கள் யாரும் வண்டியை எடுக்கவில்லை. சென்னை ஓட்டல்களிலிருந்து விறகு எங்கே என்று ஆள் மேல் ஆள் வந்தது. பாய் ஒரு பக்கம் நாயையும் மறுபக்கம் லாரிகளையும் பார்த்துக்கொண்டு, வெயிலில் நின்றார். பொறையைத் திரும்பப் போடச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. "ஏவாரம் நாளைக்கு பாத்துக்கலாம். இத்த நாளைக்கு பாக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

டிப்போவை விட்டு வெளியே வந்தபோது கேட்டருகே பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிகளுக்குத் திருஷ்டி கழித்து உடைப்பது. சைக்கிள் அதில் வழுக்கி விழுந்தேன். விழுந்த இடத்திலேயே யோசனை வந்தது. சாம்பல் பூசணியில் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது? எவ்வளவு தின்றாலும் சதை போடாது. உள்ளே போய், "பொறைக்குப் பதிலா அவிச்ச பூசணிக்காய் போடுங்க. நடு ரோட்டுல உடைக்கிறதை விட பைரவர் வாகனம் சாப்பிட்டா இன்னும் விசேஷம்" என்றேன்.

கன்னியப்பன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். "உடைச்சா திருஷ்டி ரோட்டோட போவுது. இது துன்னா திருஷ்டி அதோட வவுத்துக்குள்ள இல்ல போவும்? அத்துக்கு இன்னா ஆவறது?" என்று சாஸ்திர சந்தேகம் கிளப்பினார். கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. பைரவர் வாகனத்துக்கு அதெல்லாம் ஜீரணமாகும் என்று மருத்துவன் என்ற முறையில் உறுதி அளித்தேன். அது போதாமல் எல்லையம்மன் கோயில் பூசாரியைக் கேட்டுவிட்டு வந்தார். பூசாரி சம்மதித்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் சூழ்ந்து நிற்க, கன்னியப்பன் பூசணித் துண்டை நீட்டினார். லோடு வாங்கியது, மென்றது, அவர் காலடியில் துப்பியது. கன்னியப்பன் சாவியை பாய் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

காப்பாற்றியது பாய் வீட்டம்மா. ஆட்டுக்காலை வேகவைத்து, ஆறவிட்டு, மேலே படிந்த கொழுப்பைப் பூராவும் எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் பூசணியை வேகவைத்துத் தந்தார். அன்றைய சுறா எண்ணெயையும் அதிலேயே ஊற்றிவிட்டேன். அந்த நாற்றத்தில் மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். லோடு எழுந்து நின்றது. உதவியில்லாமல், கத்தாமல், பின்னங்கால் நடுங்க, தானே எழுந்து நின்றது. பாய் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

அன்றுமுதல் பூசணி கேட்டருகே தரப்படவில்லை. லாரிகளை மணல் பாதையில் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி நிறுத்தச் சொன்னேன். டிரைவர் முன்சக்கரத்தருகே பூசணித் துண்டோடு நிற்பார். லோடு அவ்வளவு தூரம் நடந்து போய்த்தான் வாங்க வேண்டும். காலையில் ஒரு சுற்று, லாரிகள் திரும்பும்போது ஒரு சுற்று. சென்னையில் விறகில் கவுச்சி அடிக்கிறது என்று புகார் வந்ததாகக் கேள்வி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது நீச்சல். தண்ணீரில் உடம்பின் பாரம் குறையும், மூட்டு நோகாமல் சதை வேலை செய்யும். கடலில் அலை இழுக்கும் என்பதால் கால்வாயைத் தேர்ந்தெடுத்தோம். இடுப்புக்கு அடியில் கோணியைக் கொடுத்து, கன்னியப்பனும் இன்னொரு டிரைவரும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, லோடு நீந்தும். பாய் கரையில் நிற்பார். அவர் லோடைத் தொட்டதே இல்லை. அவர்கள் மார்க்கத்தில் ஈர நாய் மேலே பட்டுவிட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் போட்டு. அதனால் இத்தனை வருஷமும் காவலுக்கு வைத்திருந்தார், சோறு போட்டார், இரண்டு முழம் தள்ளி நின்று வீட்டுக்கதை நாட்டுக்கதையெல்லாம் அதனிடம் பேசினார். கை மட்டும் வைத்ததில்லை.

ஒருநாள் கன்னியப்பன் வாயில் இருந்த பீடியைக் காப்பாற்றப் போய்க் கோணியை நழுவவிட்டார். முன்னங்கால் அடித்துக்கொள்ள, பின்பக்கம் கல்லாக இறங்கியது. கடலிலிருந்து கால்வாய்க்குள் ஏறிவரும் ஏற்ற நீரின் இழுப்பில் லோடு நடுக்கால்வாய்க்குப் போய், ஒருமுறை மூழ்கி எழுந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. "ஐயோ, பிடிங்கப்பா" என்று கரையில் குதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தொப்பென்று சத்தம். பாய் சட்டையோடு பாய்ந்திருந்தார்.

அந்தப் பெரிய உடம்பை மார்போடு அணைத்துக் கரைக்கு இழுத்து வந்தார். லோடு இருமி, தண்ணீர் கக்கி, அவர் முகமெல்லாம் நக்கியது. அவர் விலக்கவில்லை. அது அடங்கும்வரை அப்படியே சேற்றில் உட்கார்ந்திருந்தார். "பாய், உங்க மேல பட்டுடுச்சே" என்றேன்.

"பட்டா கழுவினா போவுது டாக்டர். உசுரு போனா கழுவி எட்த்துனு வர முடியுமா?" என்றவர், கரை மண்ணை அள்ளித் தேய்த்து நிதானமாகக் கழுவ ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து கோணியை ஒரு பக்கம் அவரே பிடித்தார். எப்படியும் கழுவத்தான் போகிறேன் என்று, கரையேறியதும் அதன் இடுப்பையும் நீவிவிடத் தொடங்கினார்.

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்த ஒரு நாள் முனிரத்தினம் சார் ஊசிப் பெட்டியோடு டிப்போவுக்கே வந்தார். தராசில் எடை போட்டோம். இரண்டு கட்டையும் ஒரு சுள்ளியும்தான். சார் அதைச் சட்டை செய்யவில்லை. "தராசைக் காட்டாதே, நடையைக் காட்டு" என்றார். விலகி நடந்தது. இடமாகச் சுற்றியது, வலமாகச் சுற்றியது, வலப்பக்கம் கொஞ்சம் தாங்கியது. சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நம்மளை நோக்கி வரணும்" என்றார். லோடு அசையவில்லை. அதற்கு அவரிடம் என்ன வேலை?

கன்னியப்பன் சும்மா இல்லாமல் ஒரு பூசணித் துண்டை சார் கையில் திணித்துவிட்டார். கவுச்சி பட்டதும் லோடு கிளம்பியது. சார் குடையை விரித்தார். விரித்த குடையோடு ஒரு அடி பின்வாங்கினார். லோடு முன்னால் வந்தது. அவர் இன்னும் பின்வாங்கினார், அது இன்னும் வந்தது. துண்டைக் கீழே போட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கால்வாய்க் கரை நெடுக, லாரி வரிசை முழுக்க, சார் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்தார். ஆனால் அந்தப் பயத்திலும் கண் நாயின் கால்களை விட்டு நகரவில்லை. கடைசி லாரியின் முகப்பில் முதுகு முட்டியதும் நின்றார். லோடு குடைக்குக் கீழே தலையை விட்டுத் துண்டை வாங்கிக்கொண்டது.

சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் என்னைத் துரத்தின நாய்க்கு ஊசி எதுக்குய்யா? நடக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவரைக் காணோம். டிப்போவுக்குப் பின்னால் சவுக்குத் தோப்புப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன். தோப்பு ஓரத்தில் புதிதாக ஒரு குழி. ஆழமாக, நேர்த்தியாக வெட்டி, அடியில் துவைத்த கோணி விரித்திருந்தது.

"காலைல நானே வெட்னேன். ஆளுங்கள வுட மனசு வரல" என்றார் பாய். சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு கையாலும் மணலைத் தள்ள ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட நிற்கவில்லை. நானும் மண்டியிட்டுத் தள்ளினேன். கன்னியப்பன் வந்தார். கொஞ்ச நேரத்தில் சாரும் வந்து குடையை மடக்கி வைத்துவிட்டு, செருப்புக் காலால் மணலைத் தள்ளினார். முதல் தூறல் விழுந்தது. லோடு மெதுவாக நடந்து வந்து, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்துவிட்டு, நாங்கள் தள்ளியதை முன்னங்காலால் திரும்பத் தோண்ட ஆரம்பித்தது.